அம்மாவின் கீழ்ப் பல் செட் நிற்பதில்லை, இம்பிளான்ட் போடலாமா? (சுங்கை சிப்புட்)

பால்மரத்து மகள் | 9 பிப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 66 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது என்னோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. கடைசிப் பல்லை எடுத்தே எட்டு வருடம் ஆகிறது. அரசாங்கக் கிளினிக்கில் பல் செட் செய்து கொடுத்தார்கள். மேல் செட் நன்றாகப் பிடித்து நிற்கிறது. கீழ் செட்தான் பிரச்சினை. வாயைத் திறந்தால் எழும்பி வருகிறது, பேசும்போது நாக்கு தள்ளிவிடுகிறது, சாப்பிட்டால் அடியில் பருக்கை புகுந்து ஈறு புண்ணாகிறது. அதனால் சாப்பிட உட்காரும்போது அதைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிய மார்ஜரின் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார்.

போன வாரம் மாமா மகள் கல்யாணம். விருந்தில் ஆட்டிறைச்சிப் பெரட்டல். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, ரொம்ப நேரம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பேசும் நேரம் பார்த்து, டிஷ்யூவில் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் எதிரே இருந்து பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஈப்போவில் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். கீழ்த் தாடை எலும்பில் நாலு இம்பிளான்ட் திருகு வைத்து, கழற்ற முடியாத பல் வரிசை போட 38,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் கழிவு உண்டாம். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, வெற்றிலை பாக்கும் போடுவார். என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சேமிப்பு எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் தேறும். போடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பனை வரப்பு | 9 பிப்ரவரி

அக்கா, முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். எலும்பைப் பார்க்காமல் விலை சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

கிந்தா பல் டாக்டர் | 10 பிப்ரவரி

தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கும் பல் மருத்துவர் நான். வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மா சொல்வது எல்லாம் எனக்கு மிகவும் பழக்கமான குறை.

மேல் செட் ஏன் நிற்கிறது, கீழ் செட் ஏன் நிற்பதில்லை? மேல் செட் அண்ணம் முழுவதும் படர்ந்து உட்கார்கிறது. எச்சில் ஒரு மெல்லிய படலமாக நடுவில் நின்று உறிஞ்சிப் பிடிக்கிறது. கீழ் செட்டுக்கு அந்த இடம் கிடையாது. அது குதிரை லாடம் மாதிரி ஒரு குறுகிய மேட்டின் மேல் உட்கார வேண்டும். உள்பக்கம் நாக்கு, வெளிப்பக்கம் கன்னமும் உதடும், எல்லாம் ஓயாமல் அசைகின்றன. அதற்கு மேல், பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் கரைகிறது. முழுப் பல் செட் போடுகிறவர்களுக்குக் கீழ்த் தாடை மேல் தாடையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு கரையும். எட்டு வருடத்துக்கு முன் எடுத்த அச்சு இன்று பொருந்தாததில் ஆச்சரியமில்லை. அம்மா மேல் தவறும் இல்லை, செட் செய்தவர் மேல் தவறும் இல்லை.

இம்பிளான்ட் என்பது எலும்புக்குள் இறக்கும் ஒரு டைட்டானிய திருகு. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, எலும்பில் மெதுவாகத் துளை போடுவோம். துளைக்கும்போது உப்புத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். எலும்பின் சூடு 47 பாகை செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றால் அந்த இடத்து எலும்பு செத்துப்போகும், திருகு பிடிக்காது. திருகை வைத்த பிறகு எலும்பு அதோடு ஒட்டி வளரக் கீழ்த் தாடையில் சுமார் மூன்று மாதம் ஆகும். மேல் தாடை எலும்பு மிருதுவானது, ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குப் பிறகுதான் பல்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் சொன்ன நாலு இம்பிளான்ட் முறை நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீழ்த் தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில், இரண்டே இரண்டு இம்பிளான்ட் வைத்து, அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் மாதிரி கழற்றி மாட்டும் செட் போடலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இந்த இரண்டு இம்பிளான்ட் செட்தான் என்று எழுதியே வைத்தார்கள். செலவு கணிசமாகக் குறையும். தாடையின் பின்பக்கம் ஓடும் நரம்புக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை. அம்மாவே கையால் கழற்றிக் கழுவலாம்.

ஆனால் வெற்றிலை பாக்கு என்றீர்கள். பணத்தையும் திருகையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும். அம்மாவால் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று இன்றே பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, உணவின் காரம் எரிகிறதா என்றும் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 10 பிப்ரவரி

மகளே, எலும்பில் இரும்பு வைப்பதா என்று என் மனைவியும் முதலில் பயந்தார். அது இரும்பு இல்லை, டைட்டானியம். துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது.

இதன் கதை தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். சுவீடனில் பெர்-இங்வார் பிரேனமார்க் என்ற ஆய்வாளர் 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி, எலும்பு எப்படிக் குணமாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் போனால் கழற்ற வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டது. அவர் தேடிப் போனது வேறு, கிடைத்தது இது. 1965இல் முதல் மனிதருக்குத் தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அதே இம்பிளான்ட்டுகளோடு சாப்பிட்டார்.

என் மனைவிக்குக் கீழே ஒரு கடவாய்ப் பல்லுக்கு வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. பல் பிடுங்கிய அன்று இருந்த வலியைவிட இதில் வலி குறைவு என்றார்.

லோரி 7 டன் | 11 பிப்ரவரி

வணக்கம். நானும் ஒருவன் அனுபவப்பட்டவன். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் கீழே இடது கடவாய்ப் பல்லுக்கு ஒரு இம்பிளான்ட் போட்டேன். கிளினிக் பெயர் வேண்டாம். கழிவு விலை, 3,900 வெள்ளி. நன்றாகத்தான் இருந்தது. போன வருடம் தாப்பாவுக்குக் கட்டை ஏற்றிப் போகும் வழியில், கச்சான் கடித்தபோது பல் லேசாக ஆடியது. நாக்கை வைத்துப் பார்த்தால் திருகு ஆடுவது தெரிகிறது. போன் செய்தால் கிளினிக் இல்லை, மூடிவிட்டார்கள். வேறு மூன்று கிளினிக்குக்குப் போனேன். மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இது எந்தக் கம்பெனி இம்பிளான்ட்? எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கம்பெனியின் திருகுக்கும் ஒவ்வொரு திருப்புளி. தெரியாமல் வேறு ஒன்றைப் போட்டு முறுக்கினால் தலை தேய்ந்து போகுமாம். கடைசியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிக் கேட்டு, உருவத்தை வைத்துக் கண்டுபிடித்து முறுக்கிக் கொடுத்தார். இதற்குள் மூன்று மாதம். அத்தனை நாளும் வலது பக்கம் மட்டும் மென்றேன்.

திருகு வரும் பெட்டியில் ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும், கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் அதில் உண்டு. அதை ஒரு அட்டையில் ஒட்டிக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள் அக்கா. வீட்டுக் கிராண்ட் (பட்டா) மாதிரி பத்திரமாக வையுங்கள். அதை போட்டோ எடுத்து பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

கிந்தா பல் டாக்டர் | 11 பிப்ரவரி

லோரி அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. நாங்களே கேட்காமல் கொடுக்க வேண்டிய அட்டை அது. இன்னொன்று: போடுகிறவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவானவரா, இந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தட்டினாலே வரும்.

மூன்று பிள்ளைக்காரி | 12 பிப்ரவரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 14 வயது. பந்து விளையாடும்போது முட்டிக்கொண்டு, மேல் வரிசை முன் பல் ஒன்று போய்விட்டது. பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள், போட்டோவுக்கு வாயைத் திறப்பதே இல்லை. இம்பிளான்ட் போடலாமா டாக்டர்?

கிந்தா பல் டாக்டர் | 12 பிப்ரவரி

இப்போது வேண்டாம் அக்கா. தம்பியின் தாடை இன்னும் வளர்கிறது. பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து கீழே இறங்கி வரும். இம்பிளான்ட் எலும்பில் ஒட்டிவிடுவதால் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் குட்டையாக, உள்ளே போன மாதிரி தெரியும். பதினெட்டு, இருபது வயதில் வளர்ச்சி நின்றதா என்று பார்த்துத்தான் தொடங்குவோம். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒட்டும் பல், அல்லது ஒரு பல் வைத்த சிறிய செட் போடலாம். போட்டோவில் வித்தியாசம் தெரியாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த வயதில் சிரிக்க முடியாமல் இருப்பது பெரிய பாரம்.

இதைப் படிக்கும் பெற்றோர் எல்லோருக்கும்: நிலைத்த பல் முழுசாக விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசி அதே குழியில் திருப்பி வையுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு உடனே ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

வெள்ளைச் சீருடை | 13 பிப்ரவரி

அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பால்மரத்து மகள், அம்மாவின் பச்சைப் புத்தகத்தை (கிளினிக்கில் கொடுக்கும் சர்க்கரை நோய்ப் பதிவேடு) எடுத்துக் கடைசி எச்பிஏ1சி எவ்வளவு என்று பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அன்றைய கணக்கு. இது மூன்று மாதக் கணக்கு. சர்க்கரை ஏறி இருந்தால் புண் ஆறாது, திருகும் பிடிக்காது.

அப்புறம் மாத்திரைப் பையை முழுசாக மேசையில் கொட்டிப் பாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொன்ன மாத்திரை ஏதாவது இருக்கிறதா? அலெண்ட்ரோனேட் என்று எழுதியிருக்கும். அது இருந்தால் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பில் கை வைத்த பிறகு சிலருக்கு அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பால்மரத்து மகள் | 2 மார்ச் 2025

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

எச்பிஏ1சி 9.4. எலும்பு மாத்திரை இல்லை. மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், இரண்டுதான் சிரமமில்லாமல் நுழைந்தது. கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், பாக்கை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. பத்துக் காசு நாணயம் அளவு இருக்கும். துடைத்தாலும் போகவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால், "அது எப்பவும் இருக்கிறதுதானே" என்கிறார்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலையிலேயே அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கிந்தா பல் டாக்டர் | 2 மார்ச்

சரியாகச் செய்தீர்கள். இம்பிளான்ட் காத்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போட்டாலும் அப்படித்தான். வாய் திறப்பு குறைவதும் பாக்கினால்தான், கன்னத்துச் சதை நார் பாய்ந்து விறைத்துப் போகிறது. நம் மக்களில், அதிலும் தோட்டத்தில் உழைத்த அம்மாக்களிடம், இதை மிக அதிகமாகப் பார்க்கிறேன். விடியற்காலைப் பெரட்டில் (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரம்) பசியை அடக்கப் போட்ட பழக்கம் அது. திட்டாதீர்கள், கூட உட்கார்ந்து விடச் செய்யுங்கள்.

செம்பனை வரப்பு | 3 மார்ச்

அக்கா, நாளை கோயிலில் அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் மட்டும் சொல்லுங்கள்.

பால்மரத்து மகள் | 24 மார்ச் 2025

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தத் திட்டு கவனமாகப் பார்க்க வேண்டிய வகை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள், பாக்கை முழுசாக நிறுத்த வேண்டும் என்றார்கள். (தம்பி, அனுஷம்.)

அம்மா பதினாலு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறார். பல் போன பிறகு சின்ன இரும்பு உரலில் இடித்துப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அந்த உரலை அவரே கழுவித் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார். ஏதும் சொல்லவில்லை. இப்போது வாய் பழக்கத்துக்கு ஏலக்காயும் சோம்பும் கொடுக்கிறேன். முதல் பத்து நாள் தலைவலி, கோபம், தூக்கமில்லை. இப்போது பரவாயில்லை.

வெள்ளைச் சீருடை | 24 மார்ச்

அம்மா கையைப் பிடித்து நான் சொன்னதாக ஒரு நன்றி சொல்லுங்கள். ஐம்பது வருடப் பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பால்மரத்து மகள் | 5 ஜூலை 2025

எச்பிஏ1சி 7.1! இனிப்புத் தேத்தண்ணீர் நின்றது, மாலையில் நானும் அவரும் தாமானைச் சுற்றி நடக்கிறோம். வாயும் பயிற்சி செய்து செய்து முன்பைவிட நன்றாகத் திறக்கிறது.

வேறு ஒரு கிளினிக்கில் சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தோம். டாக்டர் திரையில் தாடையைத் துண்டு துண்டாகக் காட்டினார். பின்பக்கம் எலும்பு கத்தி முனை மாதிரி மெலிந்து கிடக்கிறது, அதற்குக் கொஞ்சம் கீழேயே நரம்பு ஓடுகிறது. முன்பக்கம் மட்டும் இன்னும் நல்ல உயரம் இருக்கிறது. இரண்டு இம்பிளான்ட் போதும் என்று அவரே சொன்னார். ஸ்கேன், இரண்டு இம்பிளான்ட், பொத்தான், புது கீழ் செட், எல்லாம் சேர்த்து 13,500 வெள்ளி. மூன்று தவணை. பாதி என் இபிஎஃப் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து, மீதி தம்பி தருகிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | 5 ஜூலை

பொத்தானுக்குள் ஒரு சின்ன நைலான் வளையம் இருக்கும். அது தேய்ந்து செட் தளரும்போது மாற்ற வேண்டும். அதற்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கிந்தா பல் டாக்டர் | 6 ஜூலை

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். இம்பிளான்ட்டில் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு நார் மெத்தை உண்டு, அங்கே ஏதாவது ஆனால் வலித்து எச்சரிக்கும். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் அன்றே வாருங்கள். பொத்தானைச் சுற்றி மெல்லிய பிரஷால் தினம் இரண்டு வேளை தேய்க்க வேண்டும்.

பால்மரத்து மகள் | 26 ஜூலை 2025

வைத்தாயிற்று. கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் தாடை வீங்கியது, ஐஸ் வைத்தோம். கஞ்சி, ராகிக் கூழ், மசித்த பருப்பு. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒட்டுச்சீட்டு அட்டை வாங்கிவிட்டேன் லோரி அண்ணே, போட்டோவும் எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று பிள்ளைக்காரி | 10 ஆகஸ்ட்

டாக்டருக்கு நன்றி. மகனுக்கு ஒட்டும் பல் போட்டாயிற்று. பள்ளிப் போட்டோவில் சிரித்திருக்கிறான்.

பால்மரத்து மகள் | 16 நவம்பர் 2025

போன வாரம் பொத்தான் மாட்டினார்கள். தீபாவளிக்கு முன் முடியவில்லை, எலும்பு இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று டாக்டர் தள்ளிப் போட்டார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, இரண்டு ஆட்காட்டி விரலாலும் அழுத்தச் சொன்னார். "டக்" என்று ஒரு சத்தம். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நாக்கால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பவும் தள்ளிப் பார்த்தார். வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டு அதையே செய்துகொண்டு வந்தார்.

முதல் மூன்று நாள் மென்மையான சாப்பாடு. நாலாம் நாள் ஒரு இடத்தில் உரசிப் புண்ணானது, போய்ச் செட்டைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்தோம். நேற்று ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருந்தேன். இன்று மத்தியானம் பெரட்டல் வைத்தேன். சின்னச் சின்னதாகத்தான் வெட்டினேன். அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலும்பில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை.

மார்ஜரின் டப்பா இன்னும் இருக்கிறது, இரவில் செட்டை ஊறப்போட. திட்டுக்கு அடுத்த பரிசோதனை டிசம்பர் 11, நைலான் வளையம் பார்க்க ஜனவரி. வளையம் இரண்டுக்கும் சேர்த்து 160 வெள்ளி என்றார்கள், வாத்தியார் ஐயா.